புது எடிட்டிங் மென்பொருளுக்கு மாறியதும் எல்லாம் தகராறு செய்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

திருப்பூரில் பின்னலாடைத் துணி வந்து இறங்கியதும் எடுத்த எடுப்பில் வெட்ட மாட்டார்கள். வட்டமாக ஒரு துண்டு வெட்டி எடை போட்டு ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) பார்ப்பார்கள், டயா (துணிக் குழாயின் அகலம்) அளப்பார்கள், உருளையைப் பிரித்து ஆறப் போடுவார்கள். ஆறாத துணியை வெட்டினால் தைத்த பிறகு சுருங்கி அளவு மாறிவிடும். அதற்குப் பிறகு தையல் இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

நான் பகலில் கட்டிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரவில், பிடித்த படங்களின் காட்சிகளை எடுத்து என் ரசனைப்படி வெட்டி ஒட்டுகிறேன். மூன்று மணி நேரப் படத்தைக் கதை கெடாமல் இரண்டு மணி நேரமாக்குவதும், ஒரு நடிகரின் நடிப்பை ஒரே பாட்டுக்குள் கோப்பதும் என் விருப்பங்கள். எளிய செயலி ஒன்றிலிருந்து நல்ல மென்பொருளுக்கு மாறியபோது முதல் இரண்டு மாதம் ஒரு வேலையும் முடியவில்லை. பிறகு ஒவ்வொரு கோளாறையும் நோட்டில் எழுதிப் பார்த்தேன். பெரும்பகுதி மென்பொருளின் கோளாறே அல்ல. துணியைப் பார்க்காமல் வெட்டியிருந்தேன், அவ்வளவுதான். எளிய செயலிகள் எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் உள்ளுக்குள் சமாளித்துக்கொள்ளும். தரம் குறைவதை நம்மிடம் சொல்லாது. நல்ல மென்பொருள் சமாளிக்காது. அதனால்தான் மாறிய பிறகு எல்லாம் கெட்டுப்போனது போலத் தோன்றுகிறது.

எந்த மென்பொருள் என்ற கேள்விக்கு என் பதில்: தனி கிராஃபிக்ஸ் கார்டும் 16 ஜிபி ரேமும் இருந்தால் டாவின்சி ரிசால்வ். அதன் இலவசப் பதிப்பே நான் செய்வது போன்ற ரசிகத் தொகுப்புக்குத் தாராளமாகப் போதும். 8 ஜிபி ரேம் மடிக்கணினி என்றால் கேடென்லைவ் அல்லது ஷாட்கட். இரண்டும் திறந்த மூலத்தில் வருபவை, காசு கேட்காதவை. கணினிக்கு மீறிய மென்பொருளை ஏற்றிவிட்டுத் தினமும் அதனோடு மல்லுக்கட்டுவதைவிட இருக்கிற கணினிக்கு ஏற்றதை எடுத்துக்கொள்வது நல்லது. பாதியில் நிற்கும் தொகுப்பை மட்டும் பழைய செயலியிலேயே முடித்துவிடுங்கள். புதியதில் புதிய வேலையைத் தொடங்குங்கள்.

எந்த அறிகுறிக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மீடியாஇன்ஃபோ என்ற சிறிய இலவச மென்பொருளை நிறுவி, உங்கள் மூலக் கோப்பை அதில் திறந்து, இவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கோடெக் (படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் முறை) எது, ஃப்ரேம் வேகம் (நொடிக்கு எத்தனை படச் சட்டங்கள்) எவ்வளவு, அந்த வேகம் நிலையானதா மாறக்கூடியதா, பிட் ஆழம் (நிறத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பதிந்திருக்கிறது என்பது) 8 அல்லது 10, ஒலியின் கோடெக், ஒலிச் சேனல்கள் எத்தனை, ஒலியின் மாதிரி வேகம் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்பட்டது) எவ்வளவு. இதுதான் நமக்கு ஜிஎஸ்எம் சோதனை. கீழே வரும் எல்லாமே இந்தக் குறிப்பை வைத்துத்தான் நடக்கும்.

அறிகுறி: கோப்பை உள்ளே இழுத்தால் ஏற்கவில்லை, அல்லது படம் வருகிறது, ஒலி இல்லை

எம்பி4, எம்கேவி, மூவ் என்று கோப்பின் வாலில் இருப்பது பெட்டியின் பெயர் மட்டுமே. உள்ளே இருக்கும் சரக்குதான் கோடெக். ஒரே எம்கேவி பெட்டிக்குள் எச்.264 படமும் இருக்கலாம், எச்.265 படமும் இருக்கலாம். விஎல்சியில் ஓடுகிறதே என்பது சான்று ஆகாது. விஎல்சி ஏறக்குறைய எதையும் ஓட்டும். எடிட்டிங் மென்பொருள் தனக்கு உரிமம் உள்ள கோடெக்குகளை மட்டுமே திறக்கும்.

படம் வந்து ஒலி வரவில்லை என்றால் பெரும்பாலும் ஒலி ஏசி3 அல்லது டிடிஎஸ் வகையாக இருக்கும். டிவிடி, புளூரே வட்டுகளிலிருந்து வருபவை இப்படித்தான் இருக்கும். படத்தைத் தொடவே வேண்டாம். ஷட்டர் என்கோடர் போன்ற இலவச மாற்றியில் ஒலியை மட்டும் 48 கிலோஹெர்ட்ஸ் பிசிஎம் (சுருக்கப்படாத ஒலி) ஆக மாற்றி எடுத்துக்கொண்டால் போதும். படத்தின் தரம் துளியும் குறையாது.

பெட்டிதான் பிரச்சினை என்றால், அதாவது எம்கேவியை ஏற்காத மென்பொருள் அதே எச்.264 படத்தை எம்பி4 பெட்டியில் ஏற்கும் என்றால், சரக்கைத் தொடாமல் பெட்டியை மட்டும் மாற்றலாம். ஓரிரு நிமிட வேலை. மறுபடி என்கோடு செய்யாததால், அதாவது படத்தைப் புதிதாகச் சுருக்கி எழுதாததால், இழப்பும் இல்லை. புதியவர்கள் பலர் இங்கேதான் தேவையில்லாமல் மணிக்கணக்கில் மறு என்கோடு செய்து தரத்தையும் இழக்கிறார்கள்.

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்குத் தனியாக ஒரு சொல். ரிசால்வின் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264, எச்.265 கோப்புகளைத் திறக்காது. கணினியில் கோளாறு தேடி இரவுகளை வீணாக்காதீர்கள். மூலத்தை டிஎன்எக்ஸ்எச்ஆர் என்ற, வெட்டுவதற்கென்றே உள்ள கோடெக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது கேடென்லைவில் வேலை செய்யுங்கள். 10 பிட் எச்.265 மூலங்களுக்கும் எந்த இயங்குதளமானாலும் முதலில் டிஎன்எக்ஸ்எச்ஆர் மாற்றம் செய்துகொள்வதே நிம்மதி.

அறிகுறி: டைம்லைனில் (துண்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) இழுத்தால் படம் நின்று நின்று வருகிறது, பின்னோக்கி ஓட்டவே முடியவில்லை

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மளிகைக் கடைக் கணக்குப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாதத் தொடக்கத்தில் முழு இருப்பும் எழுதப்பட்டிருக்கும். அதன் பிறகு நாள்தோறும் வந்தது, போனது மட்டும். இருபதாம் தேதி இருப்பு என்ன என்று கேட்டால் முதல் தேதியிலிருந்து கூட்டிக் கழித்துக்கொண்டு வர வேண்டும். எச்.264, எச்.265 கோப்புகள் இப்படித்தான் இருக்கின்றன. ஒரு முழு ஃப்ரேம், பிறகு மாற்றங்கள் மட்டும். பரவலாகப் பயன்படும் எக்ஸ்264 என்கோடரின் இயல்பு அமைப்பில் இரண்டு முழு ஃப்ரேம்களுக்கு இடையே 250 ஃப்ரேம்கள் வரை இருக்கலாம். நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் அது பத்து நொடி. நீங்கள் ஓர் இடத்தில் சுட்டியை வைத்ததும் கணினி பின்னால் ஓடிப்போய் முழு ஃப்ரேமைக் கண்டுபிடித்து அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறது. பின்னோக்கி ஓட்டினால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இந்த வேலை.

படம் பார்ப்பதற்கு இந்த முறை அருமையானது, கோப்பு சிறியதாகிறது. வெட்டுவதற்கு ஏற்றதல்ல. வெட்டுவதற்கென்றே செய்யப்பட்ட கோடெக்குகளில், அதாவது ஆப்பிளின் புரோரெஸ், ஆவிட்டின் டிஎன்எக்ஸ்எச்ஆர் ஆகியவற்றில், ஒவ்வொரு ஃப்ரேமும் முழு இருப்புக் கணக்கு. எங்கே வைத்தாலும் உடனே நிற்கும். விலை, வட்டில் பிடிக்கும் இடம். 1080பி, 24 ஃப்ரேம் படத்துக்கு புரோரெஸ் 422 நொடிக்கு ஏறத்தாழ 117 மெகாபிட். ஒரு மணி நேரத்துக்கு 50 ஜிபியைத் தாண்டும்.

அவ்வளவு இடம் இல்லாதவர்களுக்குத்தான் புராக்ஸி. மூலத்துக்குப் பதிலாக இலகுவான நகல் ஒன்றை வைத்து வெட்டுவோம். கடைசியில் ரெண்டர் செய்யும்போது, அதாவது முடிந்த தொகுப்பை ஒரே கோப்பாக எழுதும்போது, மென்பொருள் தானே மூலத்தை எடுத்துக்கொள்ளும். டிஎன்எக்ஸ்எச்டி 36 என்ற வகையில் நொடிக்கு 36 மெகாபிட்தான். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 16 ஜிபி. இரண்டரை மணி நேரப் படத்துக்குச் சுமார் 40 ஜிபி. படத்தின் நீள அகலப் புள்ளி எண்ணிக்கையைப் பாதியாக்கினால் இன்னும் வெகுவாகக் குறையும். ரிசால்வ், கேடென்லைவ், ஷாட்கட் மூன்றிலுமே புராக்ஸி வசதி இருக்கிறது. இரவு படுக்கப் போகும் முன் புராக்ஸி உருவாக்கத்தைத் தொடங்கிவிட்டால் காலையில் தயாராக இருக்கும். துணியை ஆறப் போடுவது போலத்தான் இதுவும்.

புராக்ஸிக்குப் பிறகும் திக்கினால் மூன்று இடங்களைப் பாருங்கள். கோப்பு பென் டிரைவிலோ பழைய சுழலும் வட்டிலோ இருக்கிறதா? எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். இரண்டு கிராஃபிக்ஸ் சில்லு உள்ள மடிக்கணினியா? ரிசால்வின் விருப்ப அமைப்புகளில் நினைவகம், ஜிபியு பகுதியில் தனிக் கார்டு தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது வெப்பம். எங்கள் ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் தகரக் கூரை அறையில் மடிக்கணினியைக் கட்டிலில் வைத்து வேலை செய்தால், சூடேறியதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மாலையில் தெளிவாக ஓடிய டைம்லைன் பிற்பகலில் திக்கினால் காரணம் இதுவே. அடியில் காற்று போகும்படி மேசையில் வையுங்கள்.

அறிகுறி: உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்

முதலில் ஒரு கேள்வி. விலகல் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே அளவா, போகப் போக வளர்கிறதா? கோப்பின் முதல் நிமிடத்தில் ஒரு இடம், கடைசி நிமிடத்தில் ஒரு இடம் பாருங்கள். கதவு சாத்தும் காட்சி, கை தட்டும் காட்சி போன்றவை வசதி.

ஒரே அளவு என்றால் எளிது. படத்தையும் ஒலியையும் பிரித்து, ஒலியை அத்தனை ஃப்ரேம் நகர்த்தினால் தீர்ந்தது.

வளர்கிறது என்றால் நகர்த்திச் சரிசெய்ய முயலாதீர்கள். ஓர் இடத்தில் பொருத்தினால் இன்னோர் இடத்தில் விலகும். காரணம் வேகத்தில் இருக்கிறது. கைபேசியில் எடுத்த காட்சிகளும் திரைப்பதிவுகளும் பெரும்பாலும் மாறும் ஃப்ரேம் வேகம் கொண்டவை. மீடியாஇன்ஃபோ குறிப்பில் அது தெரியும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மாற்றியில் நிலையான ஃப்ரேம் வேகம் என்ற தேர்வைப் போட்டு, தர அளவை 18 அல்லது அதற்குக் கீழே (எண் குறைந்தால் தரம் கூடும்) வைத்து மாற்றி எடுத்த பிறகே உள்ளே கொண்டுவாருங்கள். ஷாட்கட் இத்தகைய கோப்பைக் கண்டதும் தானே எச்சரித்து, எடிட்டிங்குக்கு ஏற்றபடி மாற்றித் தரவா என்று கேட்கும். நல்ல பழக்கம் அது.

வேகம் நிலையானதாக இருந்தும் வளர்ந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும். ஒரு மணி நேரத்துக்கு மூன்றரை நொடி அளவு விலகினால், 23.976 ஃப்ரேம் ஒலியும் 24 ஃப்ரேம் படமும் கலந்துவிட்டன. 4 சதவீதம் விலகினால் 24க்கும் 25க்கும் உள்ள வேறுபாடு. திரைப்படம் நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுக்கப்படுகிறது. இந்தியாவில் உள்ள பால் (PAL) முறைத் தொலைக்காட்சி 25. அதற்குப் பொருந்தும்படி படத்தைச் சற்று வேகமாக ஓட்டிவிடுவார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும், குரலும் கொஞ்சம் கீச்சிடும். ஒரே படத்தின் டிவிடியையும் புளூரேவையும் கலந்து வெட்டுபவர்கள் இதில் கட்டாயம் மாட்டுவார்கள். 25 ஃப்ரேம் மூலத்தை 24 ஆக ஓடும்படி வேகத்தைக் குறைத்து, ஒலியையும் அதே விகிதத்தில் நீட்டினால் இரண்டும் பொருந்தும். குரலும் தன் இயல்புக்குத் திரும்பும்.

9 சதவீதம் அளவுக்கு வேறுபாடு, குரல் குழந்தைக் குரல் போல் இருக்கிறது என்றால் படத்தை விட்டுவிட்டு ஒலியைப் பாருங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவான பாட்டு 48 ஆக வாசிக்கப்படுகிறது.

ரிசால்வுக்கு மாறுபவர்கள் இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்: முதல் கோப்பை உள்ளே கொண்டுவரும் முன்பே திட்டத்தின் டைம்லைன் ஃப்ரேம் வேகத்தை அமைத்துவிடுங்கள். வேலை தொடங்கிய பிறகு அதை மாற்ற முடியாது. நான் ஒரு முழு வார வேலையை இதனால் மறுபடி செய்தேன்.

அறிகுறி: பின்னணி இசை கேட்கிறது, பேச்சு மட்டும் கேட்கவில்லை

ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதும் தம்பி ஒருவர் இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டார். “அண்ணா, மழைச் சத்தம் கேட்கிறது, வயலின் கேட்கிறது, கதாநாயகன் வாயை அசைக்கிறார், வசனத்தைக் காணோம்” என்றார். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அதை அழிக்கவே போய்விட்டார். அழிக்காதீர்கள் தம்பி, அது கெட்ட கோப்பு அல்ல, உங்களுக்குக் கிடைத்திருக்கும் நல்ல கோப்பு என்றேன்.

5.1 ஒலியில் ஆறு சேனல்கள் இருக்கின்றன. வழக்கமான வரிசையில் முன் இடது, முன் வலது, நடு, அடித்தொனி, பின் இடது, பின் வலது. வசனம் பெரும்பாலும் நடுச் சேனலில்தான் இருக்கும். மென்பொருள் முதல் இரண்டு சேனலை மட்டும் ஸ்டீரியோவாக எடுத்துக்கொண்டால் இசை வரும், ஆள் பேசுவது வராது. ரிசால்வில் கோப்பின் மேல் வலது சொடுக்கு, கிளிப் அட்ரிபியூட்ஸ், ஆடியோ பகுதியில் வடிவத்தை 5.1 என்று மாற்றுங்கள். அந்தக் கோப்பை டைம்லைனில் ஏற்கெனவே போட்டிருந்தால் நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள். பழைய துண்டுகள் பழைய அமைப்பிலேயே நிற்கும்.

நல்ல கோப்பு என்று ஏன் சொன்னேன்? ரசிகத் தொகுப்பின் பெரிய இடைஞ்சல், வசனத்தை வெட்டும்போது பின்னணி இசையும் துண்டாவது. ஸ்டீரியோவில் இரண்டும் பின்னிக் கிடக்கும். 5.1 கையில் இருந்தால் ஆறு சேனலையும் தனித்தனி மோனோ தடங்களாகப் பிரித்து, நடுவில் உள்ள வசனத்தை மட்டும் எடுத்துவிட்டு, இடது வலதில் இசையை ஓடவிடலாம். முழுச் சுத்தமாக இருக்காது. நடுச் சேனலில் காலடிச் சத்தமும் கொஞ்சம் இசையும் கலந்திருக்கும். ஆனாலும் எளிய செயலியில் கனவிலும் செய்ய முடியாத வெட்டு இது. மென்பொருள் மாறியதன் பலனை நான் முதன்முதலில் உணர்ந்தது இந்த இடத்தில்தான்.

அந்தத் தம்பி இப்போது இரண்டு காட்சிகளுக்கு நடுவே இருந்த நீண்ட விளக்க வசனத்தை இப்படி எடுத்துவிட்டு, வயலினை அறுபடாமல் கடத்தியிருக்கிறார். கேட்டவர்களுக்கு வெட்டு இருந்ததே தெரியவில்லை.

அறிகுறி: வெட்டும் இடத்தில் ‘டப்’ என்று ஒரு சத்தம்

ஒலி அலை நடுவில் அறுபட்டதால் வருவது. இரண்டு ஃப்ரேம் நீளத்தில் ஒலிக்கு மட்டும் கிராஸ்ஃபேடு (ஒன்று தேய, மற்றொன்று வளரும் மாற்றம்) போடுங்கள். படத்தையும் ஒலியையும் ஒரே இடத்தில் வெட்டுவதை விட்டுவிட்டு, அடுத்த காட்சியின் ஒலியை அரை நொடி முன்பே தொடங்கிப் பாருங்கள். வெட்டு மறைந்துவிடும்.

அறிகுறி: முகங்கள் அகன்றோ நீண்டோ தெரிகின்றன, ஆள் நகர்ந்தால் சீப்புப் பற்கள் போலக் கோடுகள்

பழைய டிவிடிகளின் நோய் இது. நம் பகுதிக்காரர்களுக்கு அடிக்கடி வரும். 1914இல் கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டியதிலிருந்து, சேலத்தில் டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், கோவையின் பட்சிராஜா ஸ்டூடியோ என்று நம் மண்ணுக்கும் சினிமாவுக்கும் உறவு நீண்டது. அந்தக் காலக் கறுப்பு வெள்ளைப் படங்களைத் தொகுக்க விரும்பும் இளைஞர்கள் கொங்கில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கையில் கிடைப்பதோ அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டு அலமாரியில் இருந்த டிவிடி.

அந்தப் படங்களின் சட்டகம் ஏறக்குறைய சதுரத்தை ஒட்டியது, 1.37க்கு 1. பால் டிவிடியில் படம் 720க்கு 576 புள்ளிகளாகச் சேமிக்கப்படுகிறது. அகலத் திரைப் படமானாலும் பழைய சட்டகமானாலும் இதே எண்ணிக்கைதான். டிவிடியின் புள்ளிகள் சதுரமாக இல்லாததே காரணம். மென்பொருள் அவற்றைச் சதுரமாக எடுத்துக்கொண்டால் முகம் கோணலாகும். பழைய சட்டகம் என்றால் 768க்கு 576 ஆகவும், அகலத் திரை என்றால் 1024க்கு 576 ஆகவும் காட்டும்படி புள்ளி விகிதத்தை அமையுங்கள். 1080பி டைம்லைனில் வைக்கும்போது இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். வரட்டும். பட்டையை நிரப்ப வேண்டும் என்று படத்தை இழுத்து அகலமாக்குவது அந்த ஒளிப்பதிவாளருக்குச் செய்யும் அவமரியாதை.

சீப்புக் கோடுகளுக்கு வருவோம். எல்லா ஃப்ரேமிலும் கோடு இருந்தால் அது இன்டர்லேஸ், அதாவது படத்தை ஒற்றை வரி, இரட்டை வரி என்று பிரித்துப் பதியும் முறை. ஐந்து ஃப்ரேமில் மூன்று சுத்தம், இரண்டு கோடு என்று மாறி மாறி வந்தால், 24 ஃப்ரேம் படத்தை அமெரிக்காவின் என்டிஎஸ்சி தொலைக்காட்சி முறைக்குப் பொருந்தும்படி இழுத்திருக்கிறார்கள். இந்தியா பால் நாடு என்றாலும் நம் படங்களின் டிவிடிகளில் என்டிஎஸ்சி முறையில் வந்தவையும் உண்டு. இரண்டுக்கும் மருந்து வேறு. முதலாவதற்கு ஹேண்ட்பிரேக்கில் டீகாம்ப் என்ற வடிகட்டி. இரண்டாவதற்கு டீடெலிசின், இது மூல 24 ஃப்ரேம்களையே மீட்டுத் தரும். இரண்டாவது நோய்க்கு முதல் மருந்தைக் கொடுத்தால் கோடு போகும், ஆனால் அசைவு தட்டுத் தட்டாக இருக்கும். மருந்தை வெட்டுவதற்கு முன்பே கொடுங்கள். வெட்டிய பிறகு அந்த ஐந்தின் ஒழுங்கு குலைந்துவிடும், மீட்க முடியாது.

அறிகுறி: கறுப்பு சாம்பலாக இருக்கிறது, அல்லது நிழல்கள் கருகிவிட்டன

8 பிட் வீடியோவில் கறுப்பு 16லும் வெள்ளை 235லும் நிற்பது வழக்கம். கணினிப் படங்களில் 0 முதல் 255 வரை. ஒன்றை மற்றொன்றாக வாசித்தால் இப்படி ஆகும். கிளிப் அட்ரிபியூட்ஸில் டேட்டா லெவல்ஸ் என்ற இடத்தில் வீடியோ, ஃபுல் இரண்டையும் மாற்றிப் பாருங்கள். எடுத்தவுடன் நிறம் திருத்தும் கருவிகளைத் திருக வேண்டாம். மூலம் எச்டிஆர் (கூடுதல் வெளிச்ச வீச்சு கொண்ட வீடியோ) என்றால் எல்லாமே வெளிறித் தெரியும். திட்டத்தின் நிற மேலாண்மையில் மூலம் எச்டிஆர் என்று சொல்லிவிட்டு வெளியீட்டை ரெக்.709 (சாதாரண எச்டி திரைகளுக்கான நிற முறை) என்று வையுங்கள்.

அறிகுறி: தமிழில் தலைப்பு போட்டால் எழுத்து உடைகிறது

‘கொங்கு’ என்று தட்டச்சு செய்தேன். ககரத்துக்குப் பின்னால் கொம்பு தனியாக நின்றது. ஊர்ப் பெயரையே சரியாகக் காட்டாத தலைப்போடு ஒரு தொகுப்பை வெளியிட எனக்கு மனம் வரவில்லை. இதற்காக ஓர் ஞாயிறு முழுவதும் செலவழித்தேன்.

தமிழில் நாம் முதலில் மெய்யைச் சொல்லி, பிறகு உயிரைச் சேர்க்கிறோம். கணினி சேமிப்பதும் அந்த வரிசையில்தான். ஆனால் எழுத்தில் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரச் சங்கிலி ஆகியவை மெய்க்கு முன்னால் வர வேண்டும். கொ, கோ போன்றவற்றில் குறி இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யும் எழுத்து வடிவமைப்புப் பொறி தலைப்புக் கருவிக்குள் இருந்தால் சரியாக வரும். இல்லையென்றால் எந்த எழுத்துருவைப் போட்டாலும் வராது. ஒரே மென்பொருளுக்குள் ஒரு தலைப்புக் கருவி சரியாகவும் இன்னொன்று தவறாகவும் காட்டலாம். எனவே முதல் சோதனை, இருக்கிற எல்லாத் தலைப்புக் கருவிகளிலும் ‘கொங்கு’, ‘கோயமுத்தூர்’ இரண்டையும் தட்டிப் பார்ப்பது.

வெறும் கட்டங்கள் தெரிந்தால் கதை வேறு. எழுத்துருவில் தமிழே இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். அச்சகத்து நண்பர் கொடுத்த உரையை ஒட்டியதும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கலந்து தெரிந்தால், அது பாமினி போன்ற பழைய குறியாக்கம். யூனிகோடு மாற்றியில் மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள். துணைத்தலைப்பில் கேள்விக்குறிகளாக வந்தால் எஸ்ஆர்டி கோப்பை யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள்.

எந்தக் கருவியிலும் சரியாக வராவிட்டால் உறுதியான வழி ஒன்று இருக்கிறது. இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் தலைப்பை 1920க்கு 1080 அளவில் எழுதி, பின்புலம் இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து, டைம்லைனில் மேல் தடத்தில் வையுங்கள். அது படம் என்பதால் எங்கும் உடையாது. எழுத்து எழுத்தாக வரும் அசைவூட்டம் செய்ய முடியாது என்பது மட்டுமே குறை. என் தலைப்புகள் எல்லாம் இன்றும் இப்படித்தான். எழுத்துப் பிழையுள்ள தமிழ் அசைவதைவிடச் சரியான தமிழ் அசையாமல் நிற்பது மேல்.

அறிகுறி: நேற்று இருந்த காட்சிகள் இன்று சிவப்பாக, ‘மீடியா ஆஃப்லைன்’ என்று

எதுவும் அழியவில்லை. திட்டத்தில் இருப்பது வெட்டுக் குறிப்புகளும் கோப்பின் முகவரியும் மட்டுமே. நீங்கள் கோப்புறையை நகர்த்தியிருப்பீர்கள், அல்லது வெளி வட்டுக்குக் கணினி கொடுக்கும் அடையாள எழுத்து மாறியிருக்கும். ரீலிங்க் செய்து புதிய இடத்தைக் காட்டினால் எல்லாம் திரும்பிவிடும். ஒரு தொகுப்புக்கு ஒரே கோப்புறை. அதற்குள் மூலம், ஒலி, தலைப்பு, வெளியீடு என்று நான்கு உட்கோப்புறைகள். தொடங்கிய பிறகு பெயர் மாற்றக் கூடாது.

ரிசால்வ் தன் திட்டங்களைத் தனித் தரவுத்தளத்தில் வைக்கிறது. உங்கள் கோப்புறையில் தேடினால் கிடைக்காது. வாரம் ஒருமுறை திட்டத்தை ஏற்றுமதி செய்து வெளி வட்டில் வையுங்கள். விருப்ப அமைப்புகளில் திட்டக் காப்பு நகல் என்பதை இயக்கிவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு நகல் எடுத்துவைக்கும். மேசைக் கணினிக்காரர்கள் யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். மின்சாரம் போவது ஒரு நொடிதான் என்றாலும் பாதியில் நின்ற ரெண்டர் பயன்படாது.

அறிகுறி: ரெண்டர் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது, முடிந்தாலும் பதிவேற்றிய பிறகு மங்கலாகத் தெரிகிறது

ஒவ்வொரு முறையும் அதே சதவீதத்தில் நின்றால் அந்த இடத்துத் துண்டில்தான் குறை. தொகுப்பைப் பாதியாகப் பிரித்து ரெண்டர் செய்யுங்கள். எந்தப் பாதி நிற்கிறதோ அதை மறுபடி பாதியாக்குங்கள். நான்கைந்து சுற்றில் துண்டு கையில் சிக்கும். அதை மட்டும் டிஎன்எக்ஸ்எச்ஆர் ஆக மாற்றி இடம் மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றால் வெப்பம், ரேம், வட்டில் மீதி இடம் இவற்றைப் பாருங்கள்.

மங்கலுக்குக் காரணம் பிட் வேகம், அதாவது நொடிக்கு எழுதப்படும் தரவின் அளவு, குறைவாக இருப்பது. 1080பி, 24 முதல் 30 ஃப்ரேம் வரையிலான படத்துக்கு நொடிக்கு 8 மெகாபிட் என்பது யூடியூப் தன் பரிந்துரையில் சொல்லும் அளவு. அவர்கள் மறுபடி சுருக்குவார்கள் என்பதால் நான் 16 கொடுக்கிறேன். ஒலி 48 கிலோஹெர்ட்ஸ் ஏஏசி. வாட்ஸ்அப்பில் நண்பர்களுக்கு அனுப்பும்போது வீடியோவாக அல்லாமல் ஆவணமாக அனுப்பினால் சுருங்காது.

அறிகுறி: பதிவேற்றிய சில நிமிடத்தில் உரிமைக் கோரிக்கை

இது மென்பொருளால் தீராது. பாட்டையும் காட்சியையும் தானியங்கியாக ஒப்பிடும் யூடியூபின் கண்டென்ட் ஐடி வேலை செய்திருக்கிறது. படத்தைத் தலைகீழாகப் புரட்டுவது, வேகத்தை மாற்றுவது, ஓரத்தை வெட்டுவது என்று ஏமாற்றும் வழிகளைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நாம் நேசிக்கும் படத்தை நாமே சிதைப்பது அது, செய்யாதீர்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான கையாளலை அனுமதிக்கிறது. முழுப் படத்தின் மறு தொகுப்பைப் பொதுவெளியில் ஏற்றுவது அதற்குள் அடங்கும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். நாங்கள் காசு கொடுத்து வாங்கிய வட்டிலிருந்து வெட்டி, வீட்டில் பார்க்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு ஒருவர் வீட்டு மாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி, ஒரு சின்ன புரொஜெக்டரில் ஏழெட்டுப் பேர் ஒருவர் செய்ததை மற்றவர் பார்க்கிறோம். சென்ற முறை ஈரோட்டுத் தம்பியின் வயலின் வெட்டை மூன்று தடவை திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார்கள்.